அமாயியின் மூன்று கொட்டேஷன்கள்

மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார் அந்த அம்மாள். கைப்பேசியை எங்கள் வீட்டு டீப்பாயில், பிஸ்கட் டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். இந்தப் பக்கம் சோபாவில் எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழு, முறுக்கும் காபியுமாக. அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஒரு கிராமத்து வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு விவசாயப் பெண்.

"இன்னும் கிட்டக் காட்டச் சொல்லும்மா," என்றார் ராமநாதன், கைப்பேசியருகே உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் மகளிடம்.

ராமநாதன் ஓய்வு பெறும்வரை விஜிலன்ஸில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் அவருக்குள் விஜிலன்ஸ் ஓய்வு பெறவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மூணும் ஒரே கையெழுத்து. ஒரே பேனா. மூணாவதுல மட்டும் மை கொஞ்சம் மங்கியிருக்கு."

செயற்குழு முறுக்கை நிறுத்தியது. சங்கத் தலைவர் சீனிவாசன், முப்பத்தைந்து வருஷம் நிதித் துறையில் இருந்து பிறருடைய பில்களைத் திருப்பி அனுப்பிப் பழகியவர், துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "அப்போ இது செல்லாது."

அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு தாள்களை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தைப் பாராட்டு என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரே கடை

போன வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரின் வைர மூக்குத்தி பற்றி எழுதியதற்கு நாத்தனார் போன் செய்து ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். எனவே இந்த வாரம் சொந்தக்காரர்களை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போகிறேன். அங்கேயும் அசடு வழிந்தது நான்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

விஷயம் இதுதான். மலாவியில் ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு உதவி செய்வதென்று எங்கள் சங்கம் முடிவெடுத்தது. வீரிய விதை, உரம், மருந்து தெளிக்க ஒரு ஸ்பிரேயர். வாங்குமுன் மூன்று கடைகளில் விலை கேட்டு மூன்று கொட்டேஷன் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. அந்தக் கிராமத்திலோ இருப்பதே ஒரு கடை. அடுத்த கடைக்கு அரை நாள் நடக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனுஷர். "மூணு தாள்தானே வேணும் அவங்களுக்கு?" என்று கேட்டு, மூன்று கடைப் பேர் போட்டு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இதில் ஒரு துளி ஆச்சரியமும் இல்லை. இந்த ஹைதராபாத்தில் அரசுத் தொழிற்சாலைகளுக்கா பஞ்சம்? அதில் ஒன்றில், பர்ச்சேஸ் பிரிவில், நான் காலம் தள்ளியவள். என் மேஜைக்கு வந்த மூன்று கொட்டேஷன்களும் மாமன், மச்சான், மச்சானின் மனைவி பெயரில் மூன்று லெட்டர்ஹெட்டில் ஒரே டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டு வரும். மூன்றிலும் 'ரிசீவ்டு' என்ற வார்த்தை ஒரே மாதிரி தப்பாக இருக்கும். மூன்றையும் ஒப்பிட்டு, மாமன்தான் மலிவு என்று கண்டுபிடித்துக் கையெழுத்துப் போடுவேன். அதற்குத்தான் சம்பளம்.

மலாவிக்காரர் பாவம், கையால் எழுதிவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடிக்கு வந்தவள்

அந்த அம்மாளின் மூத்த மகள் தோக்கோ. உதவித்தொகை பெற்று இங்கே பொது சுகாதாரம் படிக்க வந்தவள். ராமச்சந்திராபுரத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தாள்.

என் வீட்டுக்காரர் செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் குடியேறிய குடும்பம். அவர் பேசுவது தமிழ் என்று அவரே சொன்னால்தான் தெரியும்; ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று பாதிக்குப் பாதி ஹைதராபாத் உருது. "ஹவ்! பேரே தோக்கோவா? கைக்குமா இப்படிப் பேரு வெச்சாங்க? இங்க தோக்கோன்னா 'போட்டுச் சாத்து'ன்னு அர்த்தம்," என்றார் முதல் நாளே. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஊரில் அதற்கு மகிழ்ச்சி என்று அர்த்தம், அங்கிள் என்றாள். இரண்டாம் மாதமே, "இன்னொரு தோசை?" என்றால் "நக்கோ அங்கிள்" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். என்னோடு பேசுவது ஆங்கிலத்தில். அவள் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவள் தன் அம்மாவை 'அமாயி' என்பாள். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தமாம். எனக்குத் திண்டுக்கல் பக்கம். எங்களுக்கு அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. ஆனாலும் அந்தச் சொல் வாய்க்குப் பழகியதாக இருந்தது. நானும் அமாயி என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

முந்தைய வருஷம் அவர்கள் பக்கம் மழை பொய்த்துவிட்டது. தோக்கோ அதைச் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, நாளைக்குத் தண்ணீர் லாரி வராது என்கிற மாதிரி சொன்னாள். "இந்தத் தடவை மழை வந்ததும் அம்மா விதைச்சே ஆகணும் ஆன்ட்டி. முதல் மழை, அப்புறம் ரெண்டு வாரம். அதுக்குள்ள விதைக்கலன்னா அடுத்த வருஷம் முழுக்கச் சோறு இல்லை."

வீட்டில் அமாயியும் தங்கை மெர்சியும்தான். அப்பா இல்லை.

உடனே நான் சங்கத்தில் போய்ச் சொன்னேன். என் நல்ல குணம் அப்படி. ஒருவருக்குக் கஷ்டம் என்றால் உடனே கமிட்டி கூட்டிவிடுவேன்.

கையில் காசு கூடாது

தீபாவளி விழாவில் மிச்சமான பணம் சங்கத்தில் இருந்தது. அதை அந்த அம்மாளுக்கே அனுப்பிவிடலாமே என்று என் வீட்டுக்காரர் மட்டும் சொன்னார்.

"கையில காசா?" என்று சீனிவாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையில காசு குடுத்தா என்ன ஆகும்னு தெரியாதா சார் உங்களுக்கு?"

என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் தெரிந்த மாதிரி தலையாட்டினோம். ஏழைகளின் கையில் காசு போனால் பயங்கரமாக ஏதோ ஆகிவிடும் என்பதில் செயற்குழு ஒருமனதாக இருந்தது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. நாங்கள் வேலையில் இருந்த காலத்தில் எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றக் கம்பெனி கொடுக்கும் பயணப்படி. அந்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பணத்தில் கன்னியாகுமரி போனதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் வீட்டில் பனியனோடு படுத்துக் கிடந்தவர்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள். நாங்களும்தான். அந்தக் கன்னியாகுமரியில் எனக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி கிடைத்தது. இன்னும் ஓடுகிறது.

அப்படிப்பட்ட நாங்கள்தான், மலாவியில் ஒரு பெண் ஏமாற்றிவிடக் கூடாதே என்று ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டோம்.

ஒருவர் தையல் மெஷின் என்றார். ஒருவர் கறவை மாடு என்றார். பிரஷர் குக்கர் என்று கூட ஒரு குரல் வந்தது. கடைசியில் விதை, உரம், ஸ்பிரேயர் என்று முடிவானது. செயலாளர் என்ற முறையில் நான் ஒரு படிவம் தயாரித்தேன். கொட்டேஷனுக்கு ஓர் இணைப்பு, பொருள் வாங்கியபின் யுடிலைசேஷன் சர்டிபிகேட்டுக்கு ஓர் இணைப்பு. நான்காவது விதி என் சொந்தக் கைவண்ணம்: 'உணவு, துணி முதலிய அன்றாடச் செலவுகளுக்கு இந்நிதியைப் பயன்படுத்தலாகாது.'

எழுதி முடித்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஓய்வு பெற்ற பிறகு அன்றுதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

படிவத்தில் 'குடும்பத் தலைவருக்கு வேலை உண்டா?' என்று ஒரு கேள்வி. தோக்கோ கொஞ்சம் யோசித்து, "அம்மா இப்போ கன்யுவுக்குப் போறாங்க," என்றாள். அப்படியென்றால் என்று கேட்டேன். அடுத்தவர் வயலில் கூலி வேலை என்றாள். பேஷ், உழைக்கிற குடும்பம் என்று 'உண்டு' கட்டத்தில் டிக் அடித்தேன். சீனிவாசனும், "பாத்தீங்களா, இப்படிப்பட்டவங்களுக்குத்தான் செய்யணும்," என்று சந்தோஷப்பட்டார்.

அந்த டிக்கை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

கார்த்திகைக்கு அப்புறம்

கையெழுத்து விவகாரத்துக்கு வருகிறேன். ராமநாதன் புதுக் கொட்டேஷன் வேண்டும் என்றார். வேறு வேறு கையெழுத்தில். சீனிவாசன் அதைக் குறித்துக்கொண்டு, "கார்த்திகை தீபம் முடிஞ்சு அடுத்த கூட்டத்துல வைப்போம். அவசரப்பட்டு எதையும் செய்ய வேண்டாம்," என்றார்.

"மழை அதுக்குள்ள வந்துடுமே," என்றேன்.

"புரொசீஜர்னு ஒண்ணு இருக்கு இல்லையா மேடம்? நீங்க பர்ச்சேஸ்ல இருந்தவங்க. நானா உங்களுக்குச் சொல்லணும்?"

என் விதியாலேயே என் வாயை அடைத்தார்.

தோக்கோ கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். அமாயியிடம் என்ன சொன்னாளோ, அவர் மூன்று தாள்களையும் மடித்து இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் கையாட்டினார். செயற்குழுவும் பதிலுக்குக் கையாட்டியது. அதற்கு மட்டும் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். அங்கே மேகம் கூடிவிட்டது, இன்னும் சில நாள்தான் என்றாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சீனிவாசன் மேல் பாதி. மீதி யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை. அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "நீ அனுப்பிடேன். கைக்கு இந்த மண்டைக் குடைச்சல்?" என்றார்.

புது மிக்ஸி வாங்க எடுத்து வைத்திருந்த பணம் இருந்தது. சாயங்காலம் தோக்கோவைக் கூப்பிட்டு அதை அவளிடம் கொடுத்தேன். தன் ஊர்க்காரர்கள் மூலம் அமாயியின் கைப்பேசிக்கே அனுப்ப அவளுக்கு வழி தெரியும். சங்கத்துக்குத் தெரிய வேண்டாம் என்றேன். கொடுத்துவிட்டாவது சும்மா இருந்தேனா? முப்பது வருஷப் புத்தி போகுமா? "விதையும் உரமும் மட்டும்தான், என்ன? அம்மாகிட்ட கண்டிப்பாச் சொல்லிடு," என்றேன்.

தோக்கோ என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி ஆன்ட்டி," என்றாள்.

மாவு மூட்டை

இரண்டு நாள் கழித்துக் காலையில் அமாயி அழைத்தார். கைப்பேசியை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பெருமையாகத் திருப்பிக் காட்டினார். மூலையில் மூன்று மூட்டைகள்.

"விதையா?" என்றேன்.

"மக்காச்சோள மாவு," என்றாள் தோக்கோ. அவர்களுக்கு மூன்று வேளையும் மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான்.

"மூணும் மாவா? விதை எங்க?"

தோக்கோ திரையில் தெரிந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் மாவு வாங்கிட்டாங்களா? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தின்னு தீக்கவா குடுத்தேன்?"

சொல்லிவிட்டேன். இன்று எழுதும்போது பேனா கூசுகிறது என்றாலும், சொன்னது சொன்னதுதான். கையில காசு குடுத்தா என்ன ஆகும்னு தெரியாதா என்று சீனிவாசன் என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார்.

"அம்மாகிட்ட கேளு. விதை ஏன் வாங்கலைன்னு கேளு."

"அதை நான் கேக்க மாட்டேன், ஆன்ட்டி," என்றாள் தோக்கோ. குரல் உயரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த இத்தனை நாளில் அவள் எனக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் அமாயிக்குப் பாஷை தெரியாவிட்டால் என்ன, முகம் தெரிகிறதே. அவர் மகளிடம் ஏதோ கேட்டார். பிறகு கேமராவை மேலே தூக்கினார். அடுப்புக்கு நேர் மேலே, புகை படிந்த உத்தரத்தில், உரித்த தோலாலேயே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட மக்காச்சோளக் கதிர்கள் கரிய கொத்தாகத் தொங்கின. பத்துப் பதினைந்து கொத்து இருக்கும். புகையில் தொங்கினால் வண்டு வராதாம். பிறகு கொல்லைப்பக்கம் போய் ஆட்டுப் பட்டியைக் காட்டினார். புழுக்கை முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

"விதை இருக்கு, எரு இருக்கு," என்றாள் தோக்கோ. "எப்பவுமே இருக்கும். பட்டினி கிடந்தாலும் அந்தக் கதிர்ல கை வைக்க மாட்டாங்க."

"அப்புறம் என்னதான் இல்லை?"

"அம்மாதான் இல்லை, ஆன்ட்டி."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். மழை வருகிற சமயத்தில்தான் வீட்டில் மாவு தீரும். மாவு வேண்டுமென்றால் கன்யு போக வேண்டும். கன்யு எப்போது கிடைக்கும்? பெரிய பண்ணைக்காரர்களும் விதைக்கிற அதே இரண்டு வாரத்தில்தான். விடிந்ததும் போய் அவர்கள் நிலத்தில் விதைத்துவிட்டு, கூலிக்கு ஒரு சட்டி மாவு வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு வந்தால், தன் நிலம் அப்படியே கிடக்கும். ஈரம் போன பிறகு அமாயி விதைப்பார். பாதிதான் முளைக்கும். அடுத்த வருஷம் மாவு இன்னும் சீக்கிரம் தீரும். மறுபடி கன்யு.

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இப்படித்தான். இப்போ வீட்டுல ரெண்டு மாசத்துக்கு மாவு இருக்கு. அம்மா எங்கயும் போக வேண்டியதில்லை."

நான் டிக் அடித்த கன்யு இதுதான். உழைக்கிற குடும்பம் என்று நாங்கள் காபியோடு பாராட்டிய அந்த உழைப்புதான் அவர்களைத் தின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து வெளியே வர அவர்களுக்கு இருந்த ஒரே வழியை, நான்காவது விதி என்று நம்பர் போட்டு அடைத்து வைத்தவள் நான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? விதை வேண்டாம், மாவுதான் வேணும்னு?"

"நீங்க கொட்டேஷன் கேட்டீங்க, அனுப்பினாங்க. என்ன வேணும்னு யாரும் அம்மாவைக் கேக்கலையே, ஆன்ட்டி."

நான் திரையைப் பார்த்தேன். அமாயி இன்னும் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்க என்று தமிழிலேயே சொன்னேன். தோக்கோ அதை மொழிபெயர்த்தாளா தெரியாது. அமாயி மாவு மூட்டையைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். "நீங்க அங்க வந்தா களி கிண்டிப் போடறாங்களாம்," என்றாள் அவள்.

ஒரு காலை

அடுத்த கூட்டத்தில் சங்கக் கோப்பு அப்படியே இருந்தது. 'திருத்திய கொட்டேஷன் எதிர்பார்க்கப்படுகிறது.' ஆண்டு மலருக்கு அந்தக் குடும்பத்தின் புகைப்படம் மட்டும் முன்கூட்டியே கிடைக்குமா என்று சீனிவாசன் விசாரித்தார். உதவி பிறகு வரலாம், மலர் பொங்கலுக்கு வந்தாக வேண்டும் அல்லவா? கிடைக்காது என்றேன். நான்காவது விதியை அடித்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்குத் துணைக்குழு போட்டார்கள்.

அங்கே மேகம் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள். எங்களுக்கு இட்லி வேளை முடிந்த நேரம், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். தோக்கோ தடதடவென்று படியிறங்கி வந்தாள். இரவு அங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. முதல் மழை. அம்மாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, மூன்று தடவை அடித்துவிட்டேன் என்றாள். அவள் பதறியதில் நானும் பதறிவிட்டேன்.

நான்காவது தடவை மெர்சி எடுத்தாள். தூக்கக் கலக்கம். பின்னால் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா எங்கே?" என்று தோக்கோ கேட்டிருப்பாள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்தக் கேள்வி எல்லாப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மெர்சி பதில் சொன்னாள்.

"வயல்ல இருக்காங்களாம்," என்றாள் தோக்கோ.

"யாரோட வயல்ல? கேளு, யாரோட வயல்லன்னு கேளு."

கேட்டாள். அந்தப் பக்கம் சின்னவள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். தோக்கோ என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "Ours," என்றாள் ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். நமக்குத்தான் 'நம்ம' என்றும் 'எங்க' என்றும் இரண்டு இருக்கிறதே. மிக்ஸியைத் தியாகம் செய்தவள் இல்லையா நான்? 'நம்ம வயல்ல' என்று எடுத்துக்கொள்ள ஒரு விநாடி ஆசை வந்தது. அப்படித்தான் சீனிவாசனும் ஆரம்பித்திருப்பார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் பாத்ரூமிலிருந்து கத்தினார்: "க்யா ஹுவா? அந்தம்மா எங்க இருக்காங்களாம்?"

"அவங்க வயல்ல," என்றேன். காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "அவங்க வயல்ல!"